கறுப்பு மணலும் கலை இயக்குநரும்

வீடியோ கேம் கலை இயக்குநருக்கு வரைய ஏது நேரம்? அடுத்தவர் வரைந்ததைத் திருப்பி அனுப்புவதே முழுநேர உத்தியோகம். “இன்னும் கொஞ்சம் இயற்கையா இருக்கட்டும்” என்பார். சரியென்று இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரையை உள்ளது உள்ளபடி வரைந்து கொடுத்தால், “மணல் ஏன் கறுப்பு? டெக்ஸ்சர் லோட் ஆகவில்லையா?” என்பார். இல்மனைட் என்னும் கனிமம் மண்டிய மணல் ஐயா, கறுப்பாகத்தான் இருக்கும்! அந்த இல்மனைட்டிலிருந்துதான் ஓவியர் பூசும் பளீர் வெள்ளையான டைட்டானியம் டையாக்சைடை எடுக்கிறார்கள் என்றால் மனுசன் மயங்கியே விழுவார்.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் ‘வெண்பா’ என்ற வீடியோ கேம் 2023இல் வந்தது. அதில் இட்லித் தட்டின் குழியைக்கூட யாரோ ஒருவர் நாலு தரம் திருத்தச் சொல்லியிருப்பார். பிள்ளைகளே, வெல்லும் அவசரத்தில் பின்னணியையும் ஒருக்கால் பாருங்கள். கலை இயக்குநர்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.