அடுக்களைக் கல்விக்கு அறப்பொருள் உதவலாமா?

கல்வி உதவி வேண்டி நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பொறியியல், கணினி, வணிகவியல் ஆகியவற்றைச் சார்ந்தவை. அவற்றை ஆராயும்போது நாம் பார்ப்பது மதிப்பெண்ணையும் குடும்ப வருவாயையும் மட்டுமே. சென்ற கோடையில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினின்று பெரியவர் ஒருவர் தம் பெயர்த்தியுடன் வந்தார். மேனிலைத் தேர்வில் நன்கு தேறிய அப்பெண் சமையற்கலையும் ஓட்டல் மேலாண்மையும் பயில விரும்பினாள். "ஐயா, கொடுங்கள் என்று கேட்கவும் எனக்கு நா எழவில்லை, வேண்டாம் என்று அவளைத் தடுக்கவும் மனம் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்" என்றார் பெரியவர். அன்று நாம் விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை.

அப்படிப்பு எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள முயன்றோம். நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் 1982இல் அமைக்கப்பட்ட தேசிய ஓட்டல் மேலாண்மைக் குழுமம் இக்கல்வியை நெறிப்படுத்துகிறது. சென்னைத் தரமணியில் உள்ளது போன்ற கல்வி நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. பட்டப்படிப்பு மூன்றாண்டு, நுழைவுத் தேர்வு உண்டு. செய்முறை வகுப்பில் காய் நறுக்குதலோடு மீன் அரிதல், கோழியைத் துண்டம் செய்தல், எலும்பைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்குதல், முட்டைப் பண்டங்கள் ஆகியனவும் வரும். பரிமாறும் கலையில் மதுவகைகளும் பாடமாகும். இவற்றைப் படித்தபோதே நம்மில் சிலர் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டனர்.

ஆயினும் சமையல் வேறு, புலால் வேறு. இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். மனமறிந்து கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. உலை வைத்தல், நீர் இறைத்தல் போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்பின் பொருட்டு நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. சிராவகன் முற்றிலும் விலக்க வேண்டியது முதலாவதனை. ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு மூட்டுவது ஆரம்பத்தில் அடங்கும். நீரை வடிகட்டி, பருப்பில் புழு உண்டா எனப் புடைத்துப் பார்த்து, பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் நம் வீட்டு அடுக்களையைப்போல் அகிம்சையை நாள்தோறும் பயிற்றும் பள்ளி வேறொன்றில்லை. அப்பள்ளியில் வளர்ந்த பெண் அதனையே தொழிலாகக் கொள்வதில் இழுக்கென்ன? "சமையற்காரி ஆவதற்கா படிப்பு?" என்று ஒருவர் முணுமுணுத்தார். அது வெறும் அந்தஸ்து பற்றிய கவலை, அறத்தின் குரலன்று. நால்வகைத் தானங்களுள் ஒன்றாக ஆகார தானத்தைப் போற்றும் நாம், அந்த ஆகாரத்தைச் சமைத்த கையைத் தாழ்வாகப் பேசுவது பொருந்தாது.

இனிப் புலால். மூல குணங்கள் எட்டனுள் ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் அடங்கும் என்பதை அருங்கலச்செப்பு பயின்ற சிறுவரும் அறிவர். "கோழியை அவள் கொல்லப் போவதில்லையே, கொன்று வந்ததைத்தானே வெட்டப் போகிறாள்?" என்று இளைஞர் ஒருவர் வாதாடினார். இவ்வாதம் பழையது. கொன்றவனுக்கே பாவம், தின்றவனுக்கில்லை என்ற பௌத்தர் கூற்றை நீலகேசி எவ்வாறு எதிர்கொண்டாள் என்பதைச் சக்கரவர்த்தி நயினார் 1936இல் வெளியிட்ட பதிப்பில் காணலாம். கொள்வார் இன்றேல் விற்பாரும் இலர் என்பதே புலால் மறுத்தல் அதிகாரம் உணர்த்தும் காரண காரியத் தொடர்பு. செய்முறை வகுப்புக்கு எத்தனை மாணாக்கரோ அதற்கேற்பவே கோழி வாங்கப்படுகிறது. ஆகவே வெட்டும் கை கொல்லும் கையினின்று தொலைவில் இல்லை.

அப்பெண் கேட்ட கேள்வி இதனினும் நுண்ணியது. "நான் தொடமாட்டேன், ஐயா. ஆனால் பக்கத்து மேசையில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே, அது பாவமா?" என்றாள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றனோடும் கூடி வினையாகும் என்பது நம் கொள்கை. கண்ணில் படுவது மட்டும் உடன்பாடு ஆகாது. ஆகுமாயின் நம்மில் ஒருவரும் கடைத்தெருவில் நடக்க இயலாது. ஆனால் அப்பண்டத்தின் பக்குவத்தை மெச்சவும் சுவையைத் தரம் பிரிக்கவும் பழகும்போது மனம் உடன்பட்டுவிடுகிறது. அந்த எல்லையில் அவள் நின்றுகொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

பொருள் ஈவோர் நிலை இன்னும் கடினமானது. "நாம் கட்டும் கட்டணத்தில் ஒரே ஒரு கோழி வாங்கப்பட்டாலும் நாம் செய்வித்தவர் ஆகிறோம்" என்றார் நம் குழுவில் மூத்தவர். மறுக்க முடியாத சொல். அப்போது மற்றொருவர், "விலங்கியல் படித்த பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் உதவினோம்? அவர்கள் தவளையை அறுத்தார்களே, அன்று இதைக் கேட்டோமா?" என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பட்ட வகுப்புகளில் விலங்கறுவையை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல்தான் பணித்தது. அதற்கு முன் நாம் வழங்கிய உதவிகளில் எத்தனை உயிர் மடிந்தனவோ, கணக்கில்லை. பொறியியலும் மருந்தியலும் மதிப்புடைய படிப்புகள் ஆதலால் நம் கண் அவற்றின்மேல் கூர்மையாக விழவில்லை. சமையல் என்றதும் விழுந்தது. இதனை எழுதும்போது நமக்கே நாணமாக உள்ளது.

இந்நிலையில் வழி உண்டா எனத் தேடினோம். அகமதாபாத், போபால், ஜெய்ப்பூர் நகரங்களின் அரசு ஓட்டல் மேலாண்மை நிலையங்களில் மரக்கறிச் சமையலை மட்டும் தேர்ந்து பயிலும் வாய்ப்பு அண்மைக் காலத்தில் திறக்கப்பட்டது. கேட்டவர்கள் இருந்தமையால் வந்த வாய்ப்பு அது. பிற நிலையங்களில் சேர்வோர், சேருமுன்னரே அவ்வாறு பயில இடமுண்டா என எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். சேர்ந்தபின் கேட்பது பயன் தராது. மூன்றாண்டு இயலாதோர்க்குச் சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சித் திட்டம் போன்றவையும் உண்டு.

பொருளுதவியைப் பொறுத்தவரை, 2014 ஜனவரியில் நடுவண் அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்ததை நம் கிராமங்களில் இன்னும் பலர் முழுமையாக உணரவில்லை. சிறுபான்மை மாணாக்கர்க்கான உதவித் திட்டங்களுக்கு அவ்வாண்டு ஒதுக்கீடு உள்ளதா என முதலில் விசாரிக்க வேண்டும். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் வழியாகக் கல்விக் கடன் பெறவும் வழியுண்டு. வருமானச் சான்றும் சமுதாயச் சான்றும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்போர் அலைச்சலினின்று தப்புவர். நம் பிள்ளைகள் வாய்ப்பிழப்பது பெரும்பாலும் இக்காகிதங்களால்தான்.

படித்தபின் வேலை கிடைக்குமா என்ற ஐயத்துக்கும் ஒரு சொல். விமானங்களில் ஜைன உணவுக்கென்று வி.ஜே.எம்.எல். என்னும் தனிக் குறியீடே வழங்குகிறது. கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சுவையாகச் சமைக்கத் தெரிந்தவர்க்குத் தேவை இருப்பதால்தான் அக்குறியீடு பிறந்தது.

முடிவில் நம் குழு இசைந்தது இது: மரக்கறிப் பிரிவில் இடம் கிடைத்தால் முதலாண்டுக் கட்டணத்தின் பாதியை நாம் ஏற்பது, கிடைக்காவிடின், அப்பணத்தை வேறெதற்கும் திருப்பாமல் ஓராண்டு அவளுக்காக வைத்திருப்பது. மூத்தவர் அரைமனத்தோடு ஒப்பினார். ஊனுணவு விற்கும் ஓட்டலில் நாளை அவள் வேலைக்குச் சேர்ந்தால் என் செய்வது என்ற அவர் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. வங்கியில் பணிபுரியும் நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குக் கடன் எழுதுகிறார்கள் என்ற கேள்வியும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

வரும் ஆண்டு முதல் விண்ணப்பப் படிவத்தில், 'இப்படிப்பில் உயிர்க்கொலை சார்ந்த செய்முறை உண்டா?' என்னும் வரியை எல்லாப் படிப்பினர்க்கும் பொதுவாகச் சேர்க்கக் கருதியுள்ளோம். இதில் மாறுபடும் அன்பர்கள் தம் கருத்தை அடுத்த இதழுக்குள் எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம்.