உடம்புக்கு ஓர் இடம்

வீடு கட்டும்போது எது எதற்கோ இடம் ஒதுக்குகிறோம். சாமிக்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, காருக்கு ஒரு ஷெட். கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்று வரைபடத்திலேயே கோடு விழுந்துவிடுகிறது. அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் உடம்பை உழைக்க வைக்க எங்கே இடம் என்று யாரும் கேட்பதில்லை.

முன்பு அப்படிக் கேட்க வேண்டிய தேவை இல்லை. அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு என்று வீடு முழுக்க உழைப்புதான். அவை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த உழைப்பு மொத்தமும் பெண்கள் மேல்தான் விழுந்தது. காய்ச்சல் என்றாலும் கர்ப்பம் என்றாலும் தண்ணீர் இறைத்தாக வேண்டும். ஓய்வில்லாத வேலை உடம்பைத் தேய்க்கும். அளவறிந்து பாரம் ஏற்றி, இடையில் ஓய்வும் கொடுத்தால் அதே உடம்பு வளரும். மிக்ஸியும் மோட்டாரும் முதலாவதிலிருந்து நம்மை விடுவித்தன. இரண்டாவதை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு தூத்துக்குடியில். பழைய காரை விற்றதும் ஷெட் காலியானது. கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் கணவரும் அதை உடற்பயிற்சிக் கூடமாக்கத் தீர்மானித்தோம்.

முதலில் தரையைப் பார்க்க வேண்டும். எடை கைதவறி விழுந்தால் டைல்ஸ் தாங்காது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற தடித்த ரப்பர் மேட் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மாட்டின் பாரத்தையும் குளம்பையும் தாங்குவதற்கென்றே செய்த பொருள் அது. அடுத்து அளவு. போட்டிகளில் ஆண்கள் தூக்கும் பார்பெல் 2.2 மீட்டர் நீளம். கார் ஷெட்டின் அகலவாக்கில் வைத்தால் இரு முனையிலும் பிளேட் மாட்டக் கை நுழையாது. நீளவாக்கில்தான் வைக்க வேண்டும். மூன்றாவது காற்று. ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, ஒரு மின்விசிறியையும் போட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது எங்கள் ஊருக்கு ஏற்றது. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வியர்வையைத் துடைத்து, அவ்வப்போது லேசாக மெஷின் ஆயில் தடவினால் பல வருடம் வரும்.

டிரெட்மில் வாங்கவில்லை. நடக்கத் தெரு இருக்கிறது. வீட்டில் கிடைக்காதது பாரம். ஆகவே சில ஜோடி டம்பெல், ஒரு பார்பெல், உறுதியான பெஞ்ச், ரப்பர் பேண்டுகள், கைப்பிடியில்லாத ஒரு மர நாற்காலி. இவற்றில் மிக முக்கியமான கருவி அந்த நாற்காலிதான்.

ஏனென்றால் அது அத்தைக்கானது. எழுபதைக் கடந்த என் மாமியார் உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றாமல் எழ முடியாத நிலையில் இருந்தார். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றுதான் முதலில் கேட்டார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை மட்டும் தொடங்கினோம். முதலில் மெத்தை போட்டு உயர்த்திய நாற்காலி, பிறகு வெறும் நாற்காலி, பிறகு கையில் ஒரு சின்ன டம்பெல். இப்போது இரவில் யாரையும் எழுப்பாமல் தானே பாத்ரூமுக்குப் போய் வருகிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயம் குறைந்ததைத்தான் அவர் பெரிதாகச் சொல்கிறார். அந்தப் பயம் ஒரு மனிதரை மெல்ல மெல்லக் கட்டிலோடு கட்டிப்போடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இது அத்தைக்கு மட்டும் வாய்த்த அதிசயம் அல்ல. 1990-ல் பாஸ்டன் நகரின் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலும் தசை கேட்ட குரலுக்கு எழுந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும், 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளை 3 நாளாவது செய்ய வேண்டும். நடந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதற்கான வலுவை நடை மட்டும் தந்துவிடாது.

சர்க்கரை நோய்க்கும் இதில் தொடர்பு உண்டு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. உண்ட பிறகு இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது கரையக் கரைய, சர்க்கரை போய்ச் சேர இடம் குறைகிறது.

நம் ஊரில் வலுவைக் கொண்டாடும் மரபு இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. கர்லாக்கட்டை சுழற்றிய தேகப்பயிற்சிசாலைகள் இருந்தன. ஆனால் அந்தக் கல்லும் கட்டையும் வாலிப ஆண்களுக்கானவை. இன்றைய ஜிம்களிலும் பெரும்பாலும் அதே முகங்கள்தான். அறுபது வயதுப் பெண் அங்கே படியேறத் தயங்குகிறார்; பார்வைகளுக்கு அஞ்சி, உடைக்கு அஞ்சி, கேலிக்கு அஞ்சி. வலு மிகவும் தேவைப்படுகிறவர்தான் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

எடை தூக்குவது பெண்களுக்கு ஆகாது என்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. பிளேட் மாட்டாத பார்பெல்லும் 20 கிலோதான். நிறைந்த சமையல் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தினசரி இவற்றை நகர்த்துவது யார்? எப்படியும் தூக்கத்தான் போகிறோம். முதுகை வளைக்காமல், இடுப்பையும் தொடையையும் கொண்டு தூக்கக் கற்றுக்கொண்டால் வலி வராமல் தூக்கலாம். அதை என் மகளும் நானும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டோம். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறோம்: துணைக்கு ஆள் இல்லாமல் யாரும் பெஞ்சில் படுத்து மார்புக்கு மேல் பார்பெல் தூக்கக் கூடாது. தனியாக இருந்தால் டம்பெல்தான்.

வீட்டுக்குள் இப்படியோர் இடம் இருப்பதன் பயன் பணம் மிச்சமாவதில் இல்லை. கிளம்ப வேண்டும், உடுத்த வேண்டும், பயணப்பட வேண்டும் என்ற தடைகள் விலகுகின்றன. யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி கிடைக்கிறது. மன உறுதியை மட்டும் நம்பித் தொடங்கியவை பாதியில் நின்றுபோகும். கண்ணெதிரே, காலெட்டும் தூரத்தில் இருப்பது தொடரும்.

ஷெட் இல்லாதவர்களுக்கு வராந்தா போதும், மொட்டை மாடி போதும், கூடத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு தரை போதும். கருவிகளை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். முதலில் உங்கள் வீட்டின் மூத்தவரை மருத்துவரிடம் அழைத்துச்சென்று, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பிறகு சுவரோரம் ஓர் உறுதியான நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.