மண்ணெண்ணெய் குடித்த கிழடுகள்

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கமாகிப் போனது. அந்தக் காலத்தில் வீதியில் பேர்போனவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள்தான்.

அவற்றின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் ஓரளவு சமாளித்து ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாதே? காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். எரியாமல் மிஞ்சியது கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கவைத்தது. புகையைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை!

துரு வேறு கதை. 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனருக்குத் தனியான சேசிஸ் கிடையாது. உடல் தகடே பாரம் தாங்குகிறது. முன் மட்காட் அரித்துப்போனால் போல்ட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம். கால்மிதியைத் தூக்கினால் வீதி தெரிகிறதா, அப்போதுதான் வில்லங்கம். அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டவேண்டும். அதற்குமுன் அடியில் முட்டுக்கொடுக்காவிட்டால் உடல் வளைந்து, பிறகு கதவு சாத்தாது. வெளிப்பூச்சின் பளபளப்பில் மயங்கி வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாலைந்து பழைய கார் வைத்திருப்பவர்களின் வளவில் பெரும்பாலும் ஒன்று ஓடாது. கதவுப்பிடி, டைனமோ, கண்ணாடி என்று மற்றவை கேட்கக் கேட்க அது கழற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.