நோயை மறைக்க வேண்டாம்



சூலை நோய் வாட்டியபோது மருள்நீக்கியார் இரவோடிரவாகத் தமக்கையாரிடம் சென்றார். சமயம் மாறிப் போனவர் என்று திலகவதியார் ஒதுக்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

நியூயோர்க்கில் வாழும் நாமோ சலரோகத்தையும் மறைக்கிறோம். காப்புறுதி இல்லை, விசா இல்லை, பில் வந்தால் என்ன செய்வது என்று மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறோம். (சர்க்கரைப் பொங்கலை மட்டும் பாதியாக்குவதில்லை!)

காப்புறுதி பெறத் தகுதியோ வசதியோ இல்லாத நகரவாசிகளுக்காக மாநகர நிர்வாகம் 2019இல் பிரொங்ஸில் தொடங்கிய 'என்.வை.சி. கெயார்', 2020இல் குயீன்ஸுக்கும் வந்தது. இது காப்புறுதி அல்ல. மாநகரப் பொது வைத்தியசாலைகளில் மட்டுமே செல்லும். சந்தா இல்லை. வருமானத்தையும் குடும்பத்தின் அளவையும் பார்த்தே கட்டணம். குடிவரவு நிலை தடையில்லை.

படிவம்தான் பயமென்றால், நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். வெள்ளி பூசை முடிய மடப்பள்ளிப் பக்கம் வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். பழைய மருந்துத் துண்டையும் கொண்டு வாருங்கள்.