தர்ம வரிசை

2024 கோடையில் கோவில்பட்டியிலிருந்து அம்மா எங்களோடு மூன்று மாதம் தங்க வந்திருந்தார். ஃபிரிஸ்கோவின் ஜூலை வெயில் தனக்கொன்றும் புதிதல்ல என்று சொல்லிக்கொண்டே வீட்டைவிட்டு வெளியே வர மறுத்தார். கலிஃபோர்னியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்காவது எல்லோருமாகப் போய்வரலாம் என்று கிளம்பினோம்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் வழி இரண்டாகப் பிரிந்தது. எனக்கும் மனைவிக்கும் டி.எஸ்.ஏ. பிரீசெக் இருக்கிறது. பத்து வயது மகள் எங்களோடு வரலாம். அம்மா வர முடியாது. "ம்மா, நீ இந்த வரிசையில வா. நாங்க அந்தப் பக்கம் நிக்கிறோம்" என்று பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் அவர் கையில் கொடுத்தேன். தலையாட்டினார். நான் யோசித்துச் செய்த காரியம் அல்ல அது. பழக்கம்.

எங்களுக்கு ஆறு நிமிடம் ஆனது. அம்மாவுக்கு முக்கால் மணி நேரம். காப்பிக் கோப்பையோடு மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தார். கையைவிட்டுக் கழல மறுக்கும் அவருடைய வளையல்கள் ஸ்கேனருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் அதிகாரி அவரைத் தனியே நிறுத்தி, கையுறை அணிந்த புறங்கையால் புடவை மடிப்புகளைத் தடவிச் சோதித்தார். அதிகாரி தவறாக எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார். சொன்னது ஆங்கிலத்தில். அம்மா கண்களால் என்னைத் தேடினார். நான் கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை.

வந்ததும் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னேன். "பரவாயில்லய்யா. பணம் கட்டியிருக்க, வீணாப் போயிரக்கூடாதுல்ல" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் அது இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

நான் பணம் கட்டி வாங்கியது என்ன என்று அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் எனப்படும் டி.எஸ்.ஏ. உருவானது. அடுத்த மாதமே ரிச்சர்ட் ரீட் என்பவன் காலணிக்குள் வெடிமருந்தோடு பாரிஸிலிருந்து மயாமி செல்லும் விமானத்தில் ஏறினான். 2006 ஆகஸ்டிலிருந்து எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும் என்றானது. 2011இல் பிரீசெக் வந்தது. கைரேகையும் பின்புலத் தகவல்களும் கொடுத்து, நூறு டாலருக்குள் ஒரு கட்டணமும் கட்டினால், ஐந்தாண்டுகளுக்குக் காலணி, பெல்ட், மடிக்கணினி எதையும் எடுக்காமல் நடந்து போகலாம். நேரடியாக விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு அந்த வழியில் வரலாம். வயதான பெற்றோர் பிள்ளைகளோடு வர முடியாது. குடும்பம் என்பது கீழ்நோக்கி மட்டுமே போகிறது என்று நம்பும் ஒருவர் எழுதிய விதி.

இதை நியாயப்படுத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. 2024இல் மட்டும் டி.எஸ்.ஏ. சோதித்த பயணிகள் 90 கோடிக்கும் மேல். பொது வரிசைக்கு 30 நிமிடம், பிரீசெக் வரிசைக்கு 10 நிமிடம் என்பது அவர்களே வைத்துக்கொண்ட இலக்கு. முன்பே விசாரித்து அறிந்தவர்களை வேகமாக அனுப்பினால் மற்றவர்களைக் கவனிக்க ஆளும் நேரமும் மிஞ்சும். என் தொழிலிலும் இதைத்தான் செய்கிறோம். சர்வருக்கு வரும் வேலைகளை முன்னுரிமைப்படி அடுக்குகிறோம். ஆனால் அங்கே ஒரு பழைய பாடமும் உண்டு. முன்னுரிமை உள்ள வேலைகள் வந்துகொண்டே இருந்தால் கடைசியில் நிற்கும் வேலைக்கு முறையே வராது. அதைப் 'பட்டினி' என்றே எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. மருந்தும் சொல்கிறது: காத்திருக்கும் நேரம் ஏற ஏற அந்த வேலையின் முன்னுரிமையையும் ஏற்று. இயந்திரத்துக்கு எழுதும்போது நமக்கு இது தோன்றிவிடுகிறது.

பிரீசெக்கில் விற்கப்படுவது நம்பிக்கை என்றாவது சொல்லலாம். என்னைப் பற்றி அரசு எதையோ தெரிந்துகொள்கிறது. கிளியர் என்ற தனியார் சேவையில் அதுகூட இல்லை. ஆண்டுக்கு 200 டாலரை ஒட்டிய கட்டணம் கட்டியவரின் அடையாளத்தைக் கருவி சரிபார்க்கும். பிறகு ஒரு பணியாளர் அவரை அழைத்துப் போய் வரிசையின் முன்னால் நிறுத்துவார். விற்கப்படுவது இடம். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். கிளியருக்குத் தனி வழி வேண்டும், மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது என்று 2024இல் கலிஃபோர்னிய செனட்டில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகவில்லை.

ஃபிரிஸ்கோவில் இருப்பவர்களுக்கு நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவது அன்றாடம். டல்லஸுக்குப் போக ஒரு டோல்வே, விமான நிலையத்துக்குப் போக சாம் ரேபர்ன் டோல்வே. 635இல் உள்ள டெக்ஸ்பிரஸ் தடத்தில் நெரிசலைப் பொறுத்துக் கட்டணமே ஏறி இறங்கும். சாலையில் நான் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை எனக்கு விளங்கவைத்தவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். 2002 சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து ஊருக்குப் போனவர். "நீங்கள் வரிசை எவ்வளவு நீளம் எண்டு பாக்கிறீங்கள். நாங்கள் வரிசை முடியிற இடத்தில என்ன நடக்கும் எண்டு பாத்தனாங்கள்" என்றார். இரண்டையும் சமமாக்க முடியாது. ஆனாலும் ஒரு பொது உண்மை இருக்கிறது. சோதனை வரிசை என்பது காத்திருப்பு மட்டும் அல்ல. நான் குற்றவாளி அல்ல என்று ஒவ்வொருவரும் மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டிய இடம். எல்லோரும் சேர்ந்து நின்றால் அது நடைமுறை. சிலர் மட்டும் நின்றால் அது அவர்களைப் பற்றிய ஒரு தீர்ப்பு.

அப்துல் கலாமின் கதை நமக்குத் தெரியும். 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் முன்னாள் குடியரசுத் தலைவரை உடல் சோதனை செய்தார்கள். ஜூலையில் செய்தி வெளிவந்தபோது நாடாளுமன்றம் கொந்தளித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அவர் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு கோட்டையும் காலணியையும் வாங்கிப்போய்ச் சோதித்தார்கள். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. இரண்டு முறையும் கலாம் மறுப்பின்றி ஒத்துழைத்தார். 2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர் புடவை கட்டியிருந்த நிலையில் மிசிசிப்பியின் ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே அழைத்துச் செல்லப்பட்டு உடல் சோதனைக்கு உள்ளானபோது, வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா இதை ஏற்க முடியாது என்றார்.

அந்தக் கோபங்களில் நானும் பங்கேற்றவன். இப்போது வேறு கேள்வி எழுகிறது. நம்மைச் சுட்டது அவர்கள் சோதிக்கப்பட்டதா, சாதாரண ஆட்களைப்போலச் சோதிக்கப்பட்டதா? சோதனை இழிவானது என்றால் என் அம்மாவுக்கும் இழிவுதான். இழிவில்லை என்றால் தூதருக்கும் இல்லை. பெரியவர்களுக்கு விலக்கு கேட்டபோது, மற்றவர்களுக்கு அது சரிதான் என்று நாம் ஒப்புக்கொண்டோம். கலாம் மட்டும் அந்த விலக்கைக் கேட்கவில்லை.

விலக்கு கொடுப்பதால் பொது வரிசைக்கு என்ன ஆகிறது? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய புத்தகத்தில் நைஜீரிய ரயில்வேயைப் பற்றிச் சொல்கிறார். லாரிகளின் போட்டி வந்த பிறகும் ரயில்வே திருந்தவில்லை. உரத்துக் குறைசொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் லாரிக்கு மாறிவிட்டார்கள். கேட்க ஆளில்லாத ரயில்வே அப்படியே கிடந்தது.

காலணி விதியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2011 முதல் பிரீசெக் பயணிகள் காலணியோடு நடந்தார்கள். மற்றவர்களும் அப்படி நடக்கலாம் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது 2025 ஜூலையில். இடையில் 14 ஆண்டுகள். கருவிகள் மேம்பட்டன என்பது அவர்கள் தரும் காரணம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் செனட்டர்களும் வழக்கறிஞர்களும் வாரம் இரண்டு முறை பறக்கும் என்னைப் போன்ற ஆலோசகர்களும் அந்த 14 ஆண்டுகளும் காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றிருந்தால் அந்த விதி அவ்வளவு காலம் நீடித்திருக்குமா? நிரூபிக்க வழியில்லை. என்னைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். 2011க்கு முன் நான் அதைப் பற்றி வாய் ஓயாமல் புலம்பினேன். பிரீசெக் கிடைத்த பிறகு அந்த விதி இருப்பதையே மறந்துவிட்டேன்.

வரிசையின் நீளம் மழை வெயில்போலத் தானாக அமைவதும் அல்ல. 2018 டிசம்பரிலிருந்து 35 நாள் அரசு முடங்கியபோது டி.எஸ்.ஏ. ஊழியர்கள் சம்பளமின்றி வேலை செய்தார்கள். வராதவர் எண்ணிக்கை கூடியது. ஹூஸ்டனில் ஒரு சோதனைச் சாவடியையே மூடினார்கள். 2025 இலையுதிர்காலத்தில் 43 நாள் முடக்கத்திலும் அதே துயரம். எத்தனை பேரை வைப்பது, என்ன கொடுப்பது என்று யாரோ எடுக்கும் முடிவுதான் வரிசையாக நீள்கிறது. அந்த முடிவைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் பக்கத்து வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு தனி முரண் உண்டு. வரிசை என்றால் என்னவென்று பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் இந்தியர்களைவிட அறிந்தவர் யார்? ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்புக்குள் நான் பதினொரு ஆண்டு நின்றேன். இன்று நிற்கத் தொடங்கும் தம்பிமார் பலர் தம் ஆயுளுக்குள் முறை வருமா என்று கணக்குப் போடுகிறார்கள். 2025 செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப் தங்க அட்டைக்கான ஆணையில் கையெழுத்திட்டார். அரசுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுப்பவருக்கு, ஏற்கெனவே நாம் நிற்கும் இ.பி.-1, இ.பி.-2 பிரிவுகளின் வழியாகவே இடம். எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. "நாய்போல உழைத்துக் காத்திருப்பவன் முட்டாளா?" என்று ஒருவர் எழுதினார். நானும் ஆமோதித்தேன். மறுநாள் காலை விமானத்துக்காகப் பிரீசெக் வழியில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டுக்கும் தொகை வேறு, விளைவின் கனம் வேறு. ஆனால் பின்னால் நிற்பவரின் முகம் ஒன்றுதான்.

இதை நாம் அமெரிக்காவில் வந்து கற்றுக்கொள்ளவும் இல்லை. திருப்பதியில் 300 ரூபாய்ச் சீட்டு இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தால் அதைவிடக் கிட்டப் போகலாம். காசில்லாத வரிசைக்குத் தமிழில் 'தர்ம தரிசனம்' என்று பெயர். ஏழைகளுக்குக் கோயில் போடும் தர்மம் என்றே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. தர்மப்படி அமைந்த வரிசை அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்து பெற்ற விலக்குகள்.

பிரீசெக்கைத் துறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் பொய்யாகும். திங்கட்கிழமை அதிகாலைகளில் அந்த வழியில்தான் போகிறேன். ஒருவர் விலகிக்கொள்வதால் பொது வரிசை ஓர் அங்குலமும் குறையாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு விதி: கூட வருபவருக்கு இல்லாத வழி எனக்கும் இல்லை. இது தியாகம் ஒன்றும் இல்லை. ஆனால் பொது வரிசையில் நிற்கும் நாட்களில்தான் அதன் குறைகள் என் கண்ணில் படுகின்றன. எழுதிப்போட வேண்டும், கேட்க வேண்டும் என்று தோன்றுவதும் அங்கேதான்.

அந்தப் பயணத்தின் திரும்புவழியில் மனைவியையும் மகளையும் முன்னே அனுப்பிவிட்டு அம்மாவோடு நின்றேன். முப்பத்தைந்து நிமிடம். ரேஷன் கடையில் பாமாயிலுக்காக நின்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். தட்டு என் முன்னால் வந்தபோது காலணியைக் கழற்றினேன். காலுறையின் கிழிசலில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "இதக்கூடப் பாக்க மாட்டியாய்யா" என்று அம்மா சிரித்தார். அன்று அவரை யாரும் தனியே நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் இரண்டடி தள்ளி நின்றிருப்பேன்.