எடுத்துக் காட்டு!

வினாத்தாளில் 'இல்லஸ்ட்ரேட்' என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடம் தெரியும், விடையும் தெரியும். அந்த ஒரு சொல் மிரட்டிவிடுகிறது. தம்பி, தங்கையே, எதற்கு இந்த நடுக்கம்? அந்தச் சொல் உன்னிடம் கேட்பது இரண்டே இரண்டுதான்: படம் வரைந்து காட்டு, அல்லது உதாரணம் சொல்லி விளங்க வை. கதைக்குப் படம் போடுகிறவர் 'இல்லஸ்ட்ரேட்டர்'. அவர் போட்ட படம் 'இல்லஸ்ட்ரேஷன்'. ஆசிரியர் ஒரு விதியைச் சொல்லிவிட்டு, நடப்பிலிருந்து ஒன்றை எடுத்துச் சொன்னால் அதுவும் 'இல்லஸ்ட்ரேஷன்'தான். நம்மிடம் இல்லாத வேலையா இது? நூலுக்கு உரை எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும்போதே நன்னூல், கருத்தோடும் பதப்பொருளோடும் 'காட்டு' என்று உதாரணத்தையும் சேர்த்துக் கேட்டது!

விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொருளாதாரப் பாடம். 'இல்லஸ்ட்ரேட்' என்று கேட்டால் திகைக்காதே. தக்காளி விலை எகிறிய வாரத்தில், இரண்டு கிலோ வாங்கும் உன் அம்மா அரைக் கிலோவோடு திரும்பினாரே, அதை எழுது. இடமிருந்து வலமாகக் கீழே சரியும் ஒரு கோட்டைப் போடு. எந்தக் கைடும் இந்த விடையை உனக்குத் தராது. இது உன் வீட்டில் விளைந்த விடை!

'எனக்கு இங்கிலீஷ் வராது, கணக்கு வராது' என்று இன்னும் எத்தனை நாள் புலம்புவாய்? மைக்கேல் ஃபாரடேயின் கதையைக் கேள். 1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லனுக்குப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு, எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடு நின்றது. 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த புத்தகங்களையே படித்தார். அங்கே தங்கியிருந்த மாஸ்கெரியே என்ற ஓவியரிடம் படம் வரையப் பழகினார். 1812இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதினார், மேடையில் கண்ட கருவிகளை வரைந்தார், தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் டேவிக்கே உதவியாளர் வேலை! பட்டம் இல்லாத பையனுக்காக அந்த நோட்டுப் புத்தகம் பேசியது.

உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. ஒதுங்கினாரா? காந்தத்தின் மேல் காகிதத்தை வைத்தார், இரும்புத்தூளைத் தூவினார், எழுந்த வளைவுகளை வரைந்தார். கண்ணுக்குத் தெரியாத விசையை உலகம் கோடுகளாகக் கண்டது. 1831இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் மின்சாரம் பிறக்கும் என்று செய்து காட்டினார். மின்நிலையத்து ஜெனரேட்டர்கள் இன்றும் அந்தத் தத்துவத்தில்தான் சுழல்கின்றன. கணிதத்தில் கரைகண்ட மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானியோ, ஃபாரடேயின் விசைக்கோடுகள் பற்றியே தனிக் கட்டுரை எழுதி, அந்தப் படத்தைச் சமன்பாடுகளாக்கப் புறப்பட்டார். கணக்கு தெரியாதவர் வரைந்ததைக் கணக்குப் புலி படித்தார்!

உதாரணம் சொல்வதிலும் ஃபாரடேயை மிஞ்ச ஆள் இல்லை. 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களைக் கூட்டி உட்கார வைத்து, மேசைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். அந்த ஒரு சுடரை வைத்தே எரிதல், காற்று, நீர், நாம் விடும் மூச்சு என்று வேதியியலை ஆறு சொற்பொழிவுகளில் விளக்கினார். அது நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது. பெரிய சொற்களை அடுக்கி மிரட்டுவது அறிவு என்று உனக்குச் சொன்னது யார்? அப்படிச் சொன்னவர்களிடமிருந்து உடனே உன்னை விடுவித்துக்கொள்!

உட்கார், இன்றைக்கே. உன்னை அதிகம் பயமுறுத்தும் பாடம் எதுவோ அதைப் பிரி. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் படமாகப் போடு. கோணலாக வந்தால் வரட்டும், பாகங்களைக் குறி. பக்கத்திலேயே உன் தெருவில் கண்ட ஓர் உதாரணத்தை உன் சொந்த வார்த்தையில் எழுது. நாளை ஆசிரியர் 'யாருக்குப் புரிந்தது?' என்று கேட்கும்போது குனியாதே. எழுந்து நட, சாக்பீஸைக் கேட்டு வாங்கு, கரும்பலகையில் போட்டுக் காட்டு!