தொட்டி நீரும் அண்டை வீட்டாரும்

வருசநாட்டு மலைகளிலே வைகை பிறக்கிறது. அந்த மலையடிவாரத்து ஊர்களுள் ஒன்று மயிலாடும்பாறை. ஆற்றின் பிறப்பிடத்துக்கு அருகிலிருந்தும், கோடையில் மூல வைகை வெறும் மணலாய்க் கிடக்கக் காணும் மக்கள் அவர்கள். குழாயில் வரும் நீரைக் குடத்திலும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் சேர்த்து வைப்பது அத்தகைய ஊர்களில் இல்லத்தரசியின் பொறுப்பும் திறமையுமாகும். அந்தத் திறமையே டெங்குக் காய்ச்சலுக்குத் தொட்டிலாகிவிடுவதை எண்ணும்போது, குற்றம் யாருடையது என்ற வினா எழாமல் இராது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று, தெளிந்த நீரை நாடுவது, பகலில் கடிப்பது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி அது முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டை அழிவதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவேதான் வாரந்தோறும் தொட்டியைக் காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக என்கின்றனர். இக்கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே வாழ்ந்து மடிகிறது. நம் வீட்டில் பிறந்த கொசு நம்மைக் கடிக்கும். இல்லையேல் நம் அண்டை வீட்டாரைக் கடிக்கும்.

2012-இல் நம்மவர் பெருவாரியாக வாழும் கடையநல்லூர் இக்காய்ச்சலால் பட்ட துன்பத்தை மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு நோய் கண்டது. 66 பேர் இறந்தனர். 2017-இல் நோயுற்றோர் 23,294 பேர். இறந்தோர் 65 பேர். பரிசோதனை பெருகியதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். எனினும் ஒன்று தெளிவு: மருத்துவமனையால் மரணத்தைக் குறைக்க இயலும், காய்ச்சல் பிறப்பதைத் தடுக்க வேண்டிய இடம் வீடுதான்.

இந்நோயைக் கொல்லும் தனி மருந்து இல்லை. உடலில் நீர் குறையாது காப்பதும், காய்ச்சல் தணியும் நாட்களில் கண்ணுங்கருத்துமாய் இருப்பதுமே சிகிச்சை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆகவே, இங்கே அரிதான பொருள் மருந்தன்று, செவிலியரின் கவனம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாயினும், சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையமாயினும், கட்டில்கள் நிறைந்தபின் அந்தக் கவனம் பங்காகிவிடுகிறது. நம் தொட்டியின் அசட்டை, நாம் கண்டறியாத ஒரு குழந்தைக்கு உரிய கவனத்தைக் குறைத்துவிடக் கூடும்.

கொசு வளர இடங்கொடுப்பதை 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே தடுத்தது. 2017-இல் வீட்டுக்காரர்களுக்கு நோட்டீசும் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதம் கேட்டு வருபவரிடம் ஒரு தாய், “தண்ணீரை நாள்தோறும் தந்திருந்தால் நான் ஏன் ஐயா சேர்த்து வைக்கப்போகிறேன்?” என்று கேட்டால், அவர் என்ன விடை சொல்வார்? அவள் கேள்வி நியாயமானதே. நீர் தராத கைக்கு அபராதம் வாங்கும் தகுதி குறைவுதான்.

ஆயினும், அந்த நியாயம் அவளுடைய கடமையைத் தீர்த்துவிடுமா? நமக்கு ஒருவர் தரவேண்டிய கடனைத் தரவில்லை என்பதற்காக, மூன்றாமவருக்கு நாம் தரவேண்டியதை நிறுத்திவைக்கலாமா? தொட்டியை மூடுவது அரசுக்கு நாம் செலுத்தும் வரியன்று. அண்டை வீட்டாருக்கு நாம் பட்டிருக்கும் கடன். அரசுக்கும் நமக்குமுள்ள வழக்கில் அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பங்கேயில்லை.

“எல்லாம் விதி” என்று ஒதுங்குவோரும் நம்மிடையே உண்டு. கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, சிரியாவுக்குச் செல்லாமல் வழியிலேயே திரும்பினார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். இறைவிதியினின்று ஓடுவதா என அபூஉபைதா (ரலி) வினவியபோது, அவ்விதியினின்று அவ்விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். தொட்டியை மூடும் கையும் இறைவன் தந்ததன்றோ?

எனவே நம் ஜமாஅத்துகள் இரண்டையும் செய்தல் வேண்டும்: நீர் கேட்டு அரசிடம் முறையிடுவது ஒன்று, பள்ளியின் ஹவுழையும், மூடி வாங்க வசதியற்றோரின் தொட்டிகளையும் கவனிப்பது மற்றொன்று. மூடியில்லையெனில் பழைய வேட்டித் துணியை இறுகக் கட்டினாலும் போதும்.

வெள்ளிதோறும் ஜுமுஆவுக்காகக் குளிக்கிறோம். கொசுவின் கணக்கும் ஏறத்தாழ ஒரு வாரமே. குளித்துப் புறப்படுமுன் தொட்டியைத் தேய்த்துவிடுவோம். பக்கத்து வீட்டில் முதியவர் எவரேனும் தனித்திருந்தால், அவர் தொட்டியையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வோம்.